மண்ணில் புதைத்த க்வெவ்ரியில் ககேத்தி ஒயின் தயாரிக்கும் முறை

ஜார்ஜியாவின் கிழக்குப் பகுதியான ககேத்தியில் வெள்ளைத் திராட்சையைத் தோல், விதை, காம்பு ஆகிய அனைத்தோடும் சேர்த்து நசுக்கி, விளிம்புவரை மண்ணில் புதைத்த க்வெவ்ரி என்னும் களிமண் சாடியில் நொதிக்கவிடுகிறார்கள். பிறகு அதை ஐந்தாறு மாதங்கள் மூடிவைத்து, இளவேனிலில் திறந்து எடுக்கிறார்கள். இப்படிக் கிடைக்கும் ஒயினை வெள்ளை என்றும் சொல்ல முடியாது, சிவப்பு என்றும் சொல்ல முடியாது. அம்பர் எனப்படும் பொன்பழுப்பு நிறத்தில், நாக்கில் தெளிவாகப் படியும் துவர்ப்போடும் உலர்பழத்தின் மணத்தோடும் அது இருக்கும். க்வெவ்ரியில் ஒயின் தயாரிக்கும் இந்த மரபை 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கதாச்ரிலி கோரா, ஷுலவெரிஸ் கோரா ஆகிய தொல்மேடுகளில் கிடைத்த பானைத் துண்டுகளில் திராட்சை ஒயினுக்குரிய டார்டாரிக் அமிலத்தின் எச்சம் இருப்பதை ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டார்கள். அந்தத் துண்டுகளின் காலம் ஏறத்தாழ கி.மு. 6000.

இந்த முறையில் வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை. சர்க்கரையோ அமிலமோ சேர்ப்பதில்லை. பெரும்பாலும் வடிகட்டுவதும் இல்லை. ஆகவே பிழை நேர்ந்தால் பின்னால் சரிசெய்துகொள்ள வழி மிகக் குறைவு. நவீன ஆலையில் ஒயின் தயாரிப்பவர் கையில் உள்ள கருவிகளில் பாதிகூட இங்கே இல்லை என்பதால், வேலையின் பெரும்பகுதி சாறு சாடிக்குள் இறங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். காம்புவரை பழுத்த திராட்சையும் குறையற்றுச் சுத்தமான சாடியும் அமைந்துவிட்டால் மீதி வேலை பொறுமையும் காவலும்தான். அந்த இரண்டும் அமையாவிட்டால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பில் நொதித்தலைவிடத் தோட்டத்துக்கும் சாடிக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நிலமும் கொடியும்

ஜார்ஜியாவின் திராட்சைத் தோட்டங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ககேத்தியில் இருக்கிறது. வடக்கே பெரிய காக்கசஸ் மலை குளிர்காற்றைத் தடுக்கிறது. தென்மேற்கே கொம்போரி மலைத்தொடர் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே அலசானி ஆறு ஓடுகிறது. ஆற்றின் வலக்கரையில், கொம்போரி அடிவாரத்தில், ட்சினந்தாலி, குர்ஜானி, முகுசானி முதலான ஊர்களும், இடக்கரையில், காக்கசஸ் அடிவாரத்தில், நப்பரேவுலி, க்வரேலி, கிண்ட்ஸ்மரவுலி முதலான பகுதிகளும் உள்ளன. ஒரே பள்ளத்தாக்கு என்றாலும் மண் ஒன்றல்ல. க்வரேலியை ஒட்டிய துருஜி ஆறு மலையிலிருந்து கருநிறப் பலகைக்கல்லை அரித்துக் கொண்டுவந்து போடுவதால் அங்குள்ள நிலம் கல் நிறைந்து, நீர் தேங்காமல், பகலில் வாங்கிய வெயிலை இரவுவரை வைத்திருக்கும். சபெராவி என்னும் சிவப்புத் திராட்சை அங்கே நன்றாக முற்றுவதற்கு அது ஒரு காரணம்.

ஜார்ஜியாவுக்கே உரிய திராட்சை வகைகள் 500-க்கு மேல் பதிவாகியுள்ளன. ஆனால் வணிக அளவில் பயிராவது அவற்றில் சில டஜன் மட்டுமே. அம்பர் ஒயினுக்கு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது ர்கட்சிதெலி. இது குளிரைத் தாங்கும், தாமதமாகப் பழுக்கும், நன்றாக இனிப்பேறிய பிறகும் புளிப்பை இழக்காது, நீண்ட தோல்ஊறலுக்கு ஈடுகொடுக்கும் தோலும் இதற்கு உண்டு. மணம் வேண்டுமென்றால் இதனுடன் ககேத்தி ம்ட்ஸ்வனேயைக் கலக்கலாம். கிசி, கிக்வி ஆகிய இரண்டும் சோவியத் காலத்தில் விளைச்சல் குறைவு என்பதற்காக ஒதுக்கப்பட்டு ஏறத்தாழ மறைந்தே போனவை. இப்போது மீண்டும் நடப்படுகின்றன. முழுமையான மணமும் மென்மையான துவர்ப்பும் ஒன்றாகக் கூடும் கிசியே க்வெவ்ரிக்கு மிகப் பொருத்தமான திராட்சை என்பது என் எண்ணம். ஆனால் முதன்முதலில் தொடங்குபவருக்கு ர்கட்சிதெலிதான் பிழை பொறுக்கும் திராட்சை.

புதிதாக நடுபவர் ஒட்டுக் கொடியையே நட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபில்லாக்செரா என்னும் வேர்ப்பூச்சி ஜார்ஜியாவுக்குள் வந்த பிறகு, அதைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் உள்ளூர்க் கொடியை ஒட்டுவதே நடைமுறையாகிவிட்டது. ககேத்தியில் சுண்ணாம்பு மிகுந்த மண் பல இடங்களில் உண்டு என்பதால், மண்ணைப் பரிசோதித்து, சுண்ணாம்பைத் தாங்கும் வேர்ச்செடியாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டிலேயே இலைகள் வெளிறத் தொடங்கும். வரிசைக்கு வரிசை 2.5 மீட்டரும் கொடிக்குக் கொடி 1.5 மீட்டரும் விட்டால் ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2,660 கொடிகள் வரும். நான்காம் ஆண்டுக்கு முன் அந்தக் கொடிகளிலிருந்து க்வெவ்ரிக்குத் தகுந்த பழத்தை எதிர்பார்க்கக் கூடாது.

கவாத்து பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும். கடுங்குளிர் கடந்த பிறகு, மொட்டு ஊதுவதற்கு முன், சென்ற ஆண்டு வளர்ந்த கிளைகளில் நல்ல ஒன்றை 8 முதல் 12 மொட்டுகளோடு நீளமாக விட்டுக் கம்பியில் கட்டி, அதற்குக் கீழே இரண்டு மொட்டுகளோடு ஒரு குட்டைக் கிளையை அடுத்த ஆண்டுக்காக நிறுத்தி, மீதி அனைத்தையும் வெட்டிவிட வேண்டும். மொட்டுகளை அதிகமாக விட்டால் கொத்துகள் பெருகும். ஆனால் காம்பு பழுக்காது. க்வெவ்ரிக்கான தோட்டத்தில் கவாத்தின் முதல் நோக்கமே காம்பைப் பழுக்க வைப்பதுதான் என்று நினைவில் வைத்துக்கொண்டால், எத்தனை மொட்டு விடுவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஏப்ரலில் துளிர்க்கும் கொடி மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ பூக்கும். மழையுள்ள ஆண்டுகளில் அடிச்சாம்பல் நோயும் வறண்ட வெப்பத்தில் சாம்பல் நோயும் வரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையும் நனையும் கந்தகமும் இன்றும் முதன்மையான மருந்துகள். கந்தகம் தெளிப்பதை அறுவடைக்கு ஐந்து வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் தோலில் எஞ்சும் கந்தகம் நொதிக்கும்போது அழுகிய முட்டை வாடையாக மாறும். தோலோடு ஐந்து மாதங்கள் ஊறும் ஒயினில் அந்த வாடையைப் போக்குவது கடினம். கோடையில் ககேத்தி உழவர்கள் மிகவும் அஞ்சுவது ஆலங்கட்டி மழைக்குத்தான். 2015-இலிருந்து மேகங்களின் மீது ராக்கெட் ஏவும் தடுப்பு அமைப்பை அரசு அங்கே மீண்டும் நடத்திவருகிறது. இருந்தும் வசதியுள்ளவர்கள் வரிசைகளுக்கு மேல் வலையும் விரிக்கிறார்கள். ஆலங்கட்டி அடித்துப் பிளந்த பழத்தை க்வெவ்ரிக்கு எடுக்கக் கூடாது. அந்தக் காயத்தில் புகுந்த அழுகல் சாடி முழுவதும் பரவும்.

அறுவடையை முடிவு செய்தல்

ர்த்வெலி எனப்படும் அறுவடைக் காலம் ககேத்தியில் செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதிவரை நீளும். மேற்கு ஜார்ஜியாவில் நவம்பர்கூட ஆகலாம். நாளைக் குறிக்க, சாற்றின் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் உதவும்; தோட்டத்தின் பல இடங்களிலிருந்து, வெயில் பக்கமும் நிழல் பக்கமுமாக, நூறு பழங்களைப் பறித்துப் பிழிந்து பார்த்தால் சர்க்கரையைக் குறிக்கும் பிரிக்ஸ் அளவு 22 முதல் 24 இருக்க வேண்டும். 23 பிரிக்ஸ் சாறு முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ 13 சதவீத ஆல்கஹால் கிடைக்கும்.

ஆனால் எண் மட்டும் போதாது. ஒரு கொத்தைக் கையிலெடுத்து நடுக்காம்பைப் பாருங்கள். பச்சையாக, வளைத்தால் ஒடியாமல் நார்போலத் திரும்பினால் அது இன்னும் பழுக்கவில்லை. பழுப்பேறி, மரத்தன்மை அடைந்து, வளைத்ததும் சட்டென்று ஒடிந்தால் அது சாடிக்குள் போகத் தகுந்தது. நுனியை வாயிலிட்டுக் கடித்துப் பார்க்கவும் தயங்க வேண்டாம்: பச்சைக் காம்பு நாக்கைச் சுருட்டும் கசப்போடு புல் வாடை வீசும், பழுத்த காம்பில் உலர்ந்த மரத்தின் மணமும் மிதமான துவர்ப்பும் இருக்கும். விதையையும் இப்படியே பார்க்கலாம். பழுப்பு நிறமாகி, பல்லில் நொறுங்க வேண்டும். சர்க்கரை போதுமான அளவு ஏறியும் காம்பு பச்சையாகவே இருந்தால் காம்பு முழுவதையும் நீக்கிவிடலாம், அல்லது பழுத்தவற்றை மட்டும் பொறுக்கி நாலில் ஒரு பங்கு சேர்க்கலாம். மரபு என்பதற்காகப் பச்சைக் காம்பைக் கொட்டுவது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பழுக்காத காம்பை ஒதுக்குவதும் ககேத்தியின் பழைய வழக்கம்தான்.

மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் காத்திருந்து பறிக்க வேண்டும். காலைக் குளிரில் பறித்த பழம் சாடிக்குள் குளிர்ச்சியாகவே இறங்குவதால் நொதித்தல் அடங்கித் தொடங்கும். முன்பு கோதோரி எனப்படும் பின்னல் கூடைகளைத் தோளில் சுமந்தார்கள்; இப்போது 15, 20 கிலோ பிடிக்கும் பிளாஸ்டிக் கூடைகள் வந்துவிட்டன. பழம் நசுங்காமல் வந்து சேர அவையே மேல்.

சாடியைத் தேர்ந்தெடுத்துப் புதைத்தல்

க்வெவ்ரி செய்யும் குயவர்கள் இன்று மிகச் சிலரே. ககேத்தியில் தெலாவிக்கு அருகேயுள்ள வர்திசுபானியும் மேற்கு ஜார்ஜியாவின் இமெரெத்தியில் ஷ்ரோஷா, மகத்துபானி ஆகிய ஊர்களும் இதற்குப் பெயர்பெற்றவை. சக்கரம் கிடையாது, களிமண்ணைக் கயிறாகத் திரித்து வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கும் இறுகிய பிறகே அடுத்ததை ஏற்றுவதால் பெரிய சாடி ஒன்று உருவாக மாதக்கணக்கில் ஆகும். பிறகு விறகுச் சூளையில் பல நாட்கள், சுமார் 1000 டிகிரி வெப்பத்தில் சுட்டு, இளஞ்சூட்டோடு இருக்கும்போதே உட்புறம் தேன்மெழுகு தேய்க்கிறார்கள். மெழுகு படலமாகத் திரண்டு நிற்கக் கூடாது. நுண்துளைகளுக்குள் இறங்கி அவற்றைக் குறுக்க வேண்டும், அவ்வளவே. உட்சுவரில் கை வைத்தால் மெழுகுதிரியைத் தொட்டதுபோல வழுக்கினால் மெழுகு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று பொருள். வாங்கும்போது வெளியே முழுவதும் விரலால் தட்டிக் கேட்க வேண்டும். மணிபோல ஒலித்தால் நன்று, கரகரத்தால் விரிசல் உண்டு.

சில லிட்டர் அளவிலிருந்து பல ஆயிரம் லிட்டர் வரை க்வெவ்ரி உண்டு. தொடக்கத்துக்கு 500 முதல் 1000 லிட்டர் போதும். இதைவிடப் பெரிய சாடியில் நொதிக்கும் பொருளின் அளவு கூடும்போது வெப்பமும் கூடும். சுற்றியுள்ள மண்ணால் அதை அதே வேகத்தில் வாங்கிக்கொள்ள முடியாது. இன்னொன்று: ஒரு சாடியோடு தொடங்கக் கூடாது. நொதிக்க ஒன்று, இளவேனிலில் தெளிவை மாற்ற மற்றொன்று, நிரப்பிக்கொள்ளச் சிறியதொன்று எனக் குறைந்தது மூன்று தேவை.

ககேத்தியில் சாடிகளை மரானி எனப்படும் கூரையுள்ள ஒயின் அறையின் தரைக்கடியில் புதைப்பது வழக்கம். மழை மிகுந்த மேற்குப் பகுதியில், அங்கே சுரி என்று அழைக்கப்படும் இதே சாடியை வீட்டு முற்றத்தில் திறந்தவெளியில் புதைப்பதும் உண்டு. நிலத்தடி நீர் எட்டாத மேட்டு நிலமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிப்புறத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசி, உலர்ந்ததும் குழியில் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் மணலும் சலித்த மண்ணும் அடுக்கடுக்காக இட்டு இறுக்க வேண்டும். ஓரிடத்தில் கல் அழுத்தினாலும் நாளடைவில் அங்கே விரிசல் விழும். வாய் தரைமட்டத்துக்குச் சற்று மேலே நிற்கட்டும். தரையைக் கழுவும் நீர் உள்ளே போகாது. இப்படிப் புதைத்த சாடியைச் சுற்றி மண்ணின் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதியில் 13 முதல் 15 டிகிரி அளவில் நிற்கும். மின்சாரம் இல்லாத காலத்திலேயே ஒயினுக்கு இவ்வளவு நிலையான குளிர் கிடைத்தது மண்ணின் கொடை.

கழுவுதல்

க்வெவ்ரி ஒயினில் நேரும் குறைகளில் பெரும்பான்மை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. புதைத்த சாடியை வெளியே எடுத்துக் கவிழ்த்துக் கழுவ முடியாது. சுடுமண் சுவரின் துளைகளில் ஒட்டிய பழைய வண்டல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதில் வாழும் காடி நுண்ணுயிரி அடுத்த ஆண்டின் ஒயினை வினிகராக்கிவிடும். எனவே ஒயினை எடுத்த அன்றே கழுவத் தொடங்க வேண்டும்.

முதலில் வெந்நீர் ஊற்றி, நீண்ட கழியின் நுனியில் கட்டிய தூரிகையால் மேலிருந்து கீழாகச் சுவரைத் தேய்க்க வேண்டும். சர்ட்ஸ்கி எனப்படும் அந்தத் தூரிகை செர்ரி மரப்பட்டையை வட்டமாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோத்தது. நனைந்ததும் அது இளகிச் சுவரின் வளைவுக்கு ஏற்பப் படியும். மெழுகைச் சுரண்டாமல் வண்டலை மட்டும் எடுக்கும். கம்பித் தூரிகையையோ சோப்பையோ ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அடுத்து சுண்ணாம்பு நீர் அல்லது மரச்சாம்பல் கரைத்த நீர். அதன் பின் மீண்டும் மீண்டும் நல்ல நீர். அடியில் கூம்பும் இடத்தில்தான் அழுக்கு தங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் அங்கே தேங்கிய நீரை முழுவதும் இறைத்துவிட வேண்டும். இறைத்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முகருங்கள், கடைசியாகச் சுவையுங்கள். குடிநீருக்கும் அதற்கும் வேறுபாடு தெரிகிறவரை கழுவுதல் முடியவில்லை. ஈரம் உலர்ந்ததும் சிறிது கந்தகத்தை உள்ளே எரித்து மூடிவைத்தால் அறுவடைவரை சாடி நலமாக இருக்கும்.

பெரிய சாடியானால் ஏணி வைத்து ஆளே உள்ளே இறங்கிக் கழுவுவார்கள். அப்படி இறங்குவதற்கு முன் ஒரு விளக்கை எரியவிட்டுக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்க வேண்டும். அணைந்தால் உள்ளே கரியமில வாயு தேங்கியிருக்கிறது. விளக்கு அணையாவிட்டாலும் காற்றோட்டம் செய்யாமலும் மேலே ஓர் ஆள் நிற்காமலும் இறங்கவே கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, நிறமற்றது. நொதிக்கும் காலத்தில் மரானியின் தரைமட்டம் முழுவதும் அது பரவி நிற்கும். சாடி வாயின்மேல் குனிந்து முகர்ந்து பார்க்கும் பழக்கத்தையும் அப்போது விட்டுவிட வேண்டும்.

நசுக்குதலும் நொதித்தலும்

பழைய மரானிகளில் சட்ஸ்னகெலி என்ற நீண்ட தொட்டி இருக்கும். ஒரே மரத்தைக் குடைந்து செய்த அந்தத் தொட்டியில் திராட்சையைக் கொட்டிக் கால்களால் மிதிப்பார்கள். இன்று கையால் சுழற்றும் உருளை நசுக்கியே பலரிடம் உள்ளது. எதுவானாலும் பழம் உடைய வேண்டும், விதை உடையக் கூடாது. 500 லிட்டர் சாடிக்கு ஏறத்தாழ 400 லிட்டர் நசுக்கிய திராட்சை போதும். அதற்கு 430 கிலோ அளவில் பழம் வேண்டும். மேலே ஐந்தில் ஒரு பங்கை வெறுமையாக விட வேண்டும். நொதிக்கும்போது தோலும் காம்பும் பொங்கி எழும். இடமில்லாவிட்டால் வழிந்து தரையில் ஓடும், வழிந்த இடத்தில் பழ ஈக்கள் மொய்க்கும்.

காட்டு ஈஸ்ட் தானாக வேலையைத் தொடங்க ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அறுவடைக்கு ஐந்தாறு நாட்களுக்கு முன் அதே தோட்டத்திலிருந்து பத்துக் கிலோ நல்ல பழத்தைப் பறித்து நசுக்கித் தனியே நொதிக்கவிட்டு, தூய மணத்தோடு அது கொதித்து எழுந்தால் பெரிய சாடியில் சேர்ப்பது நல்ல பாதுகாப்பு. வாடை சரியில்லையென்றால் அதைக் கொட்டிவிட்டு வேறொன்று தொடங்கலாம்; இழப்பு பத்துக் கிலோவோடு போகும்.

நொதித்தல் வேகமெடுத்ததும் வாயு சக்கையை மேலே தள்ளி அடையாகத் திரட்டும். அதை மரக் கழியால் உடைத்து, சாற்றுக்குள் முழுவதும் அமிழ்த்த வேண்டும். நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து முறை, இரவிலும் ஒரு முறை. அடை காய்ந்தால் காடிப்பூச்சு வரும். அதோடு வெப்பமும் அடைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அடைக்குக் கீழே வெப்பமானியை இறக்கிப் பார்க்க வேண்டும். 28 டிகிரிக்குள் நிற்பது நல்லது. 30-ஐத் தாண்டினால் அமிழ்த்தும் எண்ணிக்கையைக் கூட்டி, நீர் உறைந்த பாட்டில்களை நன்கு கழுவிச் சாடிக்குள் இறக்கிக் குளிர்விக்கலாம். ஹைட்ரோமீட்டரால் சர்க்கரையின் இறக்கத்தைத் தினமும் குறித்துவர வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து எண் நகராமல் இனிப்பும் மீதமிருந்தால் மரானியின் குளிரே காரணமாக இருக்கக்கூடும். கலக்கிவிட்டு, வேகமாக நொதித்துக்கொண்டிருக்கும் மற்றொரு சாடியிலிருந்து சிறிது சேர்த்தால் பெரும்பாலும் மீண்டும் தொடங்கிவிடும்.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு ஒலி அடங்கும், அடை தளரும், பின் மெல்ல மூழ்கும். க்வெவ்ரியின் முட்டை வடிவத்தின் பயன் இப்போதுதான் தெரியும். கனமான விதைகள் முதலில் கூம்பிய அடிக்குள் இறங்குகின்றன. அவற்றின்மேல் ஈஸ்ட் வண்டல் படிந்து மூடுகிறது. தோலும் காம்பும் அதற்கு மேல் அமர்கின்றன. கசப்பான விதைத் துவர்ப்பு ஒயினோடு அதிகம் கலக்காமல் அங்கேயே அடங்கிவிடுகிறது. ஐந்து மாதங்கள் விதையோடு கிடந்தும் ஒயின் குடிக்கும்படி இருப்பதற்கு இது முதன்மையான காரணம்.

அடை மூழ்கிய பிறகு சாடியை வாய்வரை நிரப்ப வேண்டும். அதற்காகத்தான் சிறிய சாடி. உடனே இறுக மூடிவிடக் கூடாது. கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் நொதித்தல் இந்தக் காலத்தில் நடக்கும், அதிலும் வாயு வரும். மூடியைத் தளர்வாக வைத்து, வாரம் ஒரு முறை பார்த்து நிரப்பிக்கொண்டே வந்து, நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ குமிழி நின்றதும் கல்மூடியின் விளிம்பில் பிசைந்த களிமண்ணைச் சுற்றிப் பூசி, மேலே ஈர மணலைப் பரப்பி மூட வேண்டும். மணல் காய்ந்தால் களிமண் வெடிக்கும். அதனால் குளிர்காலம் முழுவதும் அதன் ஈரத்தைக் கவனிப்பதே உங்கள் வேலை. இடையில் திறந்து சுவைத்துப் பார்க்கும் ஆவல் எழும். ஒவ்வொரு திறப்பும் காற்றை உள்ளே விடும் என்பதால் அதை அடக்கிக்கொள்வதே நல்லது.

சிவப்பும் மேற்கும்

சபெராவியின் சதையே சிவப்பு. சாறு பிழிந்ததும் கறையேறும். அதற்குத் தோலோடு ஐந்து மாதங்கள் தேவையில்லை. காம்பை நீக்கி நசுக்கி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் நொதித்தல் முடிந்ததும் சக்கையிலிருந்து பிரித்து வேறு க்வெவ்ரிக்கு மாற்றிவிடலாம். இமெரெத்தியில் ட்சோலிகௌரி, ட்சிட்ஸ்கா, க்ராகுனா ஆகிய திராட்சைகளுக்குச் சாற்றோடு தோலில் ஒரு பகுதியை மட்டுமே சேர்க்கிறார்கள், காம்பைச் சேர்ப்பதில்லை. அங்கே மழை அதிகம், காம்பு பழுப்பது அரிது என்பதால் அது இடத்துக்கேற்ற அறிவு. காம்பு சரியாகப் பழுக்காத ஆண்டில் ககேத்திக்காரரும் இமெரெத்தி முறையைத் தயங்காமல் கைக்கொள்ளலாம். மலைப்பகுதியான ராச்சாவின் க்வான்ச்கரா போன்ற இயற்கை இனிப்பு ஒயின்கள் வேறு வகை; அவற்றில் குளிரால் நொதித்தலைப் பாதியில் நிறுத்துகிறார்கள். குளிரூட்டும் வசதி இல்லாதவர் அவற்றை முயலாதிருப்பதே நல்லது.

இளவேனிலில் திறத்தல்

மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ, வெளிக்காற்று சூடேறுவதற்கு முன், அமைதியான வானிலையுள்ள ஒரு நாளில் சாடியைத் திறக்க வேண்டும். காற்றழுத்தம் விழும் நாளில் வண்டல் எழும்பும் என்று மூத்தவர்கள் சொல்வதைப் பின்பற்றுவதில் நட்டமில்லை. மணலைத் துடைத்தெடுத்து, களிமண்ணைத் துளியும் உள்ளே விழாமல் நீக்கி, மூடியைத் தூக்கியதும் மேற்பரப்பைப் பாருங்கள். வெண்படலம் இல்லாமல், விளக்கொளியில் பளபளப்பாகத் தெரிந்தால் பணி நன்றாக நடந்திருக்கிறது. படலம் மெல்லியதாக இருந்து மணம் தூயதாக இருந்தால், நல்ல ஒயினைக் கரண்டியால் மெல்ல ஊற்றி விளிம்பில் வழியவிட்டுப் படலத்தை அகற்றலாம். காடி வாடை மூக்கில் குத்தினால் அதை வேறு சாடியோடு கலக்கவே கூடாது. கலந்தால் இரண்டும் கெடும்.

ஒர்ஷிமோ என்பது நீண்ட கழியில் பொருத்திய உலர்ந்த சுரைக்குடுவை. அதைக் கொண்டு மேல்தெளிவை அலுங்காமல் மொண்டு எடுக்கலாம். குழாய் வழியாக இறுப்பது இன்னும் நல்லது. தெளிவு தீர்ந்து, தோலோடு கலந்த பகுதி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். 430 கிலோ பழத்திலிருந்து 280 லிட்டர் அளவில் ஒயின் கிடைத்தால் அது நல்ல விளைவு. சக்கையைப் பிழிந்து வரும் ஒயின் துவர்ப்பு மிகுந்தது. தனியே வைத்துச் சுவைத்த பிறகே எவ்வளவு சேர்ப்பது என முடிவு செய்ய வேண்டும். மிஞ்சும் சக்கை செம்பு வாலையில் காய்ச்சிச் சாச்சா என்னும் சாராயம் வடிக்கப் பயன்படும். அதில் முதலில் வரும் பகுதியை ஒதுக்கித் தள்ளுவது கட்டாயம்.

இறுத்த ஒயின் கழுவிய இரண்டாம் க்வெவ்ரியில் வாய்வரை நிறைந்து, மீண்டும் மூடப்பட்டு, கோடை முழுவதும் அங்கே தங்கும். இந்த இடமாற்றத்தின்போது ஒயின் கெடாமல் காக்க மிகச் சிறிதளவு சல்ஃபைட் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. விற்பனைக்கு அனுப்பி வெப்பத்தில் பயணிக்கப் போகும் ஒயினுக்குச் சேர்ப்பதே பொறுப்பான செயல் என்று கருதுகிறேன். ஆகஸ்ட் இறுதியில், அடுத்த அறுவடைக்குச் சாடி தேவைப்படும் முன், பாட்டிலில் அடைக்க வேண்டும். பாட்டிலின் அடியில் சிறிது வண்டல் சேர்ந்தால் குறையில்லை. அடைத்த உடன் மணம் சற்று ஒடுங்கியிருக்கும் என்பதால் மூன்று மாதமாவது விட்டுவிட்டுத் திறக்க வேண்டும். பரிமாறும்போது வெள்ளை ஒயினைப்போலக் கடுங்குளிரில் ஊற்றினால் துவர்ப்பு மட்டுமே மேலெழும். 14 முதல் 16 டிகிரியில், அகன்ற குவளையில், அக்ரோட்டுக் கூழில் சமைத்த கோழிக்கறியான சட்சிவியோடு பரிமாறுங்கள்.